எல்ட்ரோம்போபாக் மாத்திரை: காபி, மோர், சத்து மாத்திரைக்கு நடுவே எப்போது கொடுப்பது?

கேள்வி (அம்பாசமுத்திரம்)
அம்மாவுக்கு ஐ.டி.பி. (ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்களை உடம்பே அழிக்கிற நோய்). பிளேட்லெட் 18,000. ஸ்டீராய்டைக் குறைத்தாலே இறங்கிவிடுகிறது என்று எல்ட்ரோம்போபாக் 50 மி.கி. தினம் ஒன்று எழுதியிருக்காங்க. காலையில் பால் காபி, மத்தியானம் மோர், கூடவே இரும்பு, கால்சியம் மாத்திரை. எந்த நேரம் தோது அண்ணாச்சி? எத்தனை நாளில் ஏறும்?

பதில் 1
ராத்திரிதான் தோது. கால்சியம், இரும்பு, மெக்னீசியம், அலுமினியம் எதைக் கண்டாலும் இந்த மருந்து குடலிலேயே ஒட்டிக்கிடும், ரத்தத்தில் சேராது. பால், தயிர், சத்து மாத்திரை, ஜெலுசில் இதெல்லாம் உள்ளே போய் 4 மணி நேரம் கழித்துப் போடணும். இல்லைன்னா அதுக்கு 2 மணி நேரம் முந்தியே போட்டிரணும். மற்றபடி வெறும் வயிற்றில், அல்லது கால்சியம் ரொம்பக் குறைந்த சாப்பாட்டோடு.

கடைசிப் பால் காபி சாயங்காலம் 5 மணியோடு சரி. ஏழரைக்கு இட்லி, தேங்காய்ச் சட்னி. 10 மணிக்கு மாத்திரை, தண்ணீரில் முழுசாக. ராத்திரி எள்ளு போட்ட மிளகாய்ப்பொடி வேண்டாம், எள்ளில் கால்சியம் அதிகம். கேழ்வரகு, முருங்கைக்கீரை, முள்ளோடு தின்கிற நெத்திலி எல்லாம் மத்தியானத்தோடு நிறுத்திக்கிடுங்க. சொதிக்குத் தடையில்லை, தேங்காய்ப்பாலில் மாட்டுப்பால் அளவுக்குக் கால்சியம் கிடையாது.

ஒரு நாள் மறந்துபோனா மறுநாள் ரெண்டாகக் கொடுக்கக் கூடாது.

பதில் 2
பெரும்பாலும் 1–2 வாரத்தில் ஏறத் தொடங்கும். இலக்கு 50,000, அவ்வளவுதான். ஒன்றரை லட்சம் வரணும்னு டோஸ் கூட்டச் சொல்லி டாக்டரை நெருக்காதீங்க. அளவு மிஞ்சினால் ரத்தக்குழாய்க்குள்ளேயே ரத்தம் உறையலாம். 2 லட்சம் தாண்டினால் டோஸ் குறைப்பாங்க, 4 லட்சம் தாண்டினால் நிறுத்திவைப்பாங்க. ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி. உச்ச டோஸ் 75 மி.கி.; அதில் 4 வாரம் போயும் ஏறலைன்னா இந்த மருந்து கேட்கலைன்னு அர்த்தம்.

தொடங்கும் முன்னே கல்லீரல் டெஸ்ட் பார்த்தாச்சா? டோஸ் நிலைக்கிறவரை 2 வாரத்துக்கு ஒருமுறை, அப்புறம் மாதாமாதம். ரத்த எண்ணிக்கை முதலில் வாராவாரம். மருந்துக்கே செம்பழுப்பு நிறம் உண்டு. அது சில லேப் முறைகளில் பிலிரூபின் (கல்லீரல் டெஸ்ட்), கிரியாட்டினின் (சிறுநீரக டெஸ்ட்) அளவைத் தப்பாகக் காட்டும். ரத்தம் கொடுக்கும்போதே மாத்திரைப் பெயரைச் சொல்லிருங்க. கண்புரை வரலாம், அதையும் பார்க்கச் சொல்லுங்க.

கேள்வி கேட்டவர்
நன்றி. பப்பாளி இலைச் சாறும் சேர்த்துக் கொடுக்கலாமா? பிளேட்லெட் ஏறியதும் மாத்திரையை விட்டுரலாமா?

பதில் 3
சாறு வேண்டாம். மாத்திரையே கல்லீரலைப் பாதிக்கக் கூடியது, நாளைக்கு எஸ்.ஜி.பி.டி. (கல்லீரல் டெஸ்டில் பார்க்கிற அளவு) ஏறினால் எதனாலன்னு பிரிக்க முடியாது.

நீங்களா நிறுத்தவே கூடாது. இது எலும்பு மஜ்ஜையைத் தூண்டி பிளேட்லெட்டைக் கூடுதலாகச் செய்யவைக்கிறது, அவ்வளவுதான். உடம்பு பிளேட்லெட்டை அழிக்கிறது அதுபாட்டுக்கு நடக்கும். திடீர்னு விட்டால் பழைய அளவுக்கும் கீழே போகலாம். டாக்டர் நிறுத்தினாலும் 4 வாரம் வாராவாரம் எண்ணிக்கை பார்க்கணும். சின்ன ஊர் மெடிக்கலில் இருப்பு இல்லாமல் போகலாம், பட்டை முடிய ஒரு வாரம் இருக்கும்போதே சொல்லிவையுங்க.

தலைவலிக்கு பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின், ஐபுபுரூஃபென் கூடாது. கொழுப்புக்கு ரோசுவாஸ்டாட்டின் போடுறாங்களா? அதன் அளவு ரத்தத்தில் கூடும், டோஸைக் குறைக்கணுமான்னு டாக்டரிடம் கேட்டுக்கிடுங்க.