கல்லிடைக்குறிச்சியில் யாராவது உதவ முடியுமா?

அண்ணாச்சிமார்களே, அக்காமார்களே, வணக்கம். எனக்குக் கொரோனாவோ என்று பயமாக இருக்கிறது. 2020 மார்ச் 21 காலை சென்னையிலிருந்து நெல்லை எக்ஸ்பிரஸில் ஊர் வந்தேன். ஐந்தாம் நாள் காய்ச்சல் தொடங்கியது, 101 டிகிரி. வறட்டு இருமல். உடம்பை அடித்துப் போட்டதுபோல் வலி. எல்லாவற்றையும்விடப் பயமுறுத்துவது வேறு: அம்மா அப்பளம் பொரித்தால் வாசல்வரை மணக்கும். நேற்று தட்டு என் முன்னால் இருந்தும் எனக்கு ஒரு வாசனையும் தெரியவில்லை.

அரசு மருத்துவ உதவி எண் 104-க்கு அழைத்தேன். வெளிநாட்டுப் பயணம் இல்லை, கொரோனா தொற்று உறுதியானவரோடு தொடர்பும் இல்லை என்பதால் இப்போதைக்குப் பரிசோதனை கிடையாது, தனித்திருங்கள், மூச்சுத் திணறினால் உடனே சொல்லுங்கள் என்றார்கள். அருகிலுள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் சென்னை என்றதுமே வாசலோடு திருப்பிவிட்டார்கள். அது இன்னும் மனதில் உறுத்துகிறது.

மாடி அறையில் தனியாக இருக்கிறேன். கீழே அம்மா, வயது 67, சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உண்டு. அவருடைய மாத்திரை நாளை மறுநாளோடு தீர்கிறது. ஊரடங்கில் அவரைக் கடைக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அம்பாசமுத்திரத்திலிருந்து யாராவது வாங்கி வந்து திண்ணையில் வைத்துவிட்டுப் போக முடியுமா? பணத்தை முன்பே அனுப்பிவிடுகிறேன். விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவி யாரிடமாவது இருந்தால் இரவல் தாருங்கள்.

இரவில் மூச்சு முட்டினால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனைக்குப் போக 108 வண்டி இங்கே எவ்வளவு நேரத்தில் வருகிறது? அண்மையில் அழைத்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.