புதிய ஆசிரியர்களுக்குப் பொறுப்பு குறைந்துவிட்டதா, நாம்தான் தாங்கிப் பிடிக்கவில்லையா?

கரும்பலகை:
கொஞ்ச நாளாகவே இதை எழுத நினைத்தேன். இப்போது பணியில் சேரும் ஆசிரியர்களில் பலர் கடைசி மணி அடித்ததும் பையோடு கிளம்பிவிடுகிறார்கள். மாலையில் பெற்றோர் பேச வந்தால் நாளைக்கு வரச் சொல்லுங்கள் என்கிறார்கள். பாடக்குறிப்பை இணையத்தில் எடுத்து அப்படியே ஒட்டுகிறார்கள். ஒரு மாணவன் எதிர்பாராத கேள்வி கேட்டால் திணறுகிறார்கள். நாங்கள் சேர்ந்தபோது யாரும் கையைப் பிடித்துக் கூட்டிப்போகவில்லை. விழுந்து எழுந்துதான் கற்றோம். இந்தத் தலைமுறைக்கு அந்தப் பொறுப்பு இல்லை என்பது என் கருத்து. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கலாம்.

புதுவரவு:
மறுக்கிறேன் சார். சேர்ந்த முதல் ஆண்டிலேயே எனக்கு நான்கு வெவ்வேறு வகுப்புகள் கொடுத்தார்கள். தினமும் நான்கு பாடங்களைப் புதிதாகத் தயாரிக்க வேண்டும். மூத்தவர்கள் எல்லோரும் வேண்டாம் என்று தள்ளிய ஒன்பதாம் வகுப்புப் பிரிவும் அதில் ஒன்று. யாராவது விடுப்பு எடுத்தால் அந்தப் பாடவேளைக்கு முதலில் அனுப்பப்படுவதும் நான்தான். ஆனால் ஒரே பாடத்தை மூன்று பிரிவுகளில் பல ஆண்டுகளாக நடத்துபவருக்கு மாலையில் பெற்றோரோடு பேச நேரம் இருக்கிறது. எனக்கு அந்த நேரத்தில் மறுநாள் பாடம் காத்திருக்கிறது. அது கையில் இல்லாமல் வகுப்புக்குள் போக எனக்குப் பயம்.

கரும்பலகை:
கடினமான பிரிவு எங்களுக்கும்தான் கொடுத்தார்கள். அதைச் சமாளித்ததால்தான் ஆசிரியரானோம்.

மேசைவிளக்கு:
ஐயா, சமாளித்தவர்கள்தான் இன்று ஆசிரியர் அறையில் உட்கார்ந்து பேசுகிறோம். சமாளிக்க முடியாமல் வேலையை விட்டுப் போனவர்கள் இந்த விவாதத்தில் இல்லை. அமெரிக்காவில் ரிச்சர்ட் இங்கர்சால் பல ஆண்டுகளாக இதை ஆராய்ந்தவர். அவரும் உடன் ஆய்வாளர்களும் 2018இல் வெளியிட்ட அறிக்கைப்படி, அங்கே புதிய ஆசிரியர்களில் சுமார் 44 சதவீதம் பேர் 5 ஆண்டுகளுக்குள் பணியை விட்டுவிடுகிறார்கள். அத்தனை பேரும் பொறுப்பில்லாதவர்கள் என்று நம்மால் சொல்ல முடியுமா?

எதிர்பாராத கேள்விக்குத் திணறுவது பற்றியும் ஒன்று சொல்கிறேன். டான் லார்ட்டி என்ற சமூகவியலாளர் 1975இல் ஒரு முக்கியமான விஷயத்தை எடுத்துக்காட்டினார். ஆசிரியராக வருபவர் அதற்கு முன்பே ஆயிரக்கணக்கான மணி நேரம் மாணவராக உட்கார்ந்து ஆசிரியர்களைப் பார்த்திருக்கிறார். ஆனால் பார்த்தது முன்பக்கத்தை மட்டும். ஆசிரியர் ஒரு கேள்வியை முதலில் கேட்டது ஏன், ஒரு கணக்கை நடுவில் விட்டது ஏன் என்பது பெஞ்சிலிருந்து தெரியாது. யாராவது சொல்லிக் கொடுத்தால்தான் தெரியும். நம் பள்ளிகளில் அதைச் சொல்ல யாருக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறோம்?

சாக்பீஸ்:
நான் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் இருப்பவள். கரும்பலகை சார் சொல்லும் சில குறைகள் உண்மை. இணையக் குறிப்பை அப்படியே ஒட்டுவதை நானும் பார்க்கிறேன். ஆனால் அதைத் தலைமுறைக் கணக்கில் எழுதுவதுதான் எனக்கு உறுத்துகிறது. பழைய நோட்டை வரி மாற்றாமல் ஆண்டுதோறும் வாசிப்பவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள், இல்லையா?

இதன் மறுபக்கமும் உண்டு. இளையவர் என்றாலே கணினி தெரியும் என்று முடிவு கட்டி, மதிப்பெண் பதிவேற்றம், புரொஜக்டர் பழுது, வாட்ஸ்அப் குழு எல்லாவற்றையும் அவர்கள் தலையில் கட்டுகிறோம். இளையவர்கள் பிறவியிலேயே டிஜிட்டல்வாசிகள் என்ற கருத்தை 2001இல் மார்க் பிரென்ஸ்கி என்ற அமெரிக்க எழுத்தாளர் பரப்பினார். அது கட்டுக்கதை என்று கிர்ஷ்னர், டி புரூய்க்கெரே என்ற கல்வி ஆய்வாளர்கள் 2017இல் விரிவாக எழுதிவிட்டார்கள். அப்புறமும் நம் வேலைப் பங்கீடு அதை நம்பித்தான் நடக்கிறது.

கரும்பலகை:
வேலைப் பங்கீடு சரியில்லை என்பதை ஏற்கிறேன். ஆனால் தீர்வு என்று சொல்வதெல்லாம் கடைசியில் எங்கள் தோளில்தான் இறங்கும். புதியவருக்குப் பாடவேளை குறைத்தால் அதை யார் எடுப்பது? அவருக்கு வழிகாட்ட யார் உட்காருவது? மூத்தவர்கள்தானே. எனக்கும் விடைத்தாள் திருத்த வேண்டும், வயதும் ஏறுகிறது. வழிகாட்டி என்ற பட்டத்தைக் கொடுத்துவிட்டு நேரம் கொடுக்காமல் விட்டால் அது வெறும் கையெழுத்து வேலையாகிவிடும்.

மேசைவிளக்கு:
இந்த இடத்தில் நீங்கள் சொல்வது முழுக்க நியாயம். அதனால்தான் பள்ளி நிர்வாகம் இதற்குப் பணம் ஒதுக்க வேண்டும் என்கிறேன். இங்கிலாந்தில் 2021 செப்டம்பர் முதல் புதிய ஆசிரியருக்கு 2 ஆண்டு அறிமுகக் காலம். முதல் ஆண்டு பாடவேளையில் 10 சதவீதமும் இரண்டாம் ஆண்டு 5 சதவீதமும் குறைக்க வேண்டும். வழிகாட்டி ஒருவரும் உண்டு. அங்கேயும் வழிகாட்டிகள் வேலைப்பளு கூடிவிட்டது என்று குறைப்பட்டார்கள். ஆகவே வழிகாட்டியின் பாடவேளையும் குறைய வேண்டும். இலவசமாக நடக்கிற காரியம் இல்லை இது.

அமெரிக்காவில் கிராஃப்ட், பாப்பே இருவரும் 2014இல் வெளியிட்ட ஆய்வையும் பாருங்கள். ஆசிரியருக்கு ஆதரவான சூழல் உள்ள பள்ளிகளில் பணியாற்றியவர்கள், அது குறைந்த பள்ளிகளில் இருந்தவர்களைவிட 10 ஆண்டுகளில் கற்பிக்கும் திறனில் 38 சதவீதம் கூடுதலாக முன்னேறினார்கள். அனுபவம் தானாகப் பழுத்துவிடுவதில்லை.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். வழிகாட்டுபவரும் பணி மதிப்பீடு எழுதுபவரும் ஒரே ஆளாக இருக்கவே கூடாது. என் பலவீனத்தை நாளைக்கு அறிக்கையில் எழுதப் போகிறவரிடம் நான் எப்படிச் சந்தேகம் கேட்பேன்?

புதுவரவு:
இதுதான் சார் என் நிலைமையும். ஒருமுறை வகுப்புக் கட்டுப்பாடு பற்றி ஆசிரியர் அறையில் கேட்டேன். பயிற்சிக் கல்லூரியில் இதெல்லாம் சொல்லித் தரவில்லையா என்று பதில் வந்தது. அப்புறம் நான் யாரிடமும் கேட்கவில்லை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது அக்கறையின்மை போலத் தெரிந்திருக்கும்.

கரும்பலகை:
அப்படிப் பதில் சொன்னவர் செய்தது தவறு. மாலையில் வரும் பெற்றோரைத் திருப்பி அனுப்புவதை நான் இன்னும் ஏற்கவில்லை. அவர்களில் பலர் வேலையை முடித்துவிட்டு ஓடி வருகிறார்கள். ஆனால் கடினமான பிரிவைப் புதியவருக்குத் தள்ளும் வழக்கம் எங்கள் பள்ளியிலும் இருக்கிறது. அடுத்த கால அட்டவணைக் கூட்டத்தில் அந்தப் பிரிவை எனக்குக் கேட்கப் போகிறேன். பதிலுக்கு என்னிடமிருந்து வேறு ஒரு வகுப்பைக் குறைக்க வேண்டும் என்பதையும் எழுத்தில் கேட்பேன்.

புதுவரவு:
நன்றி சார். பெற்றோர் விஷயத்தில் வாரத்துக்கு ஒரு மாலை என்று நாள் குறித்தால் என்னால் நிச்சயம் இருக்க முடியும். தினமும் என்றால் முடியாது. உங்கள் பள்ளியில் புதிதாகச் சேர்ந்தவர்கள் இருந்தால், நீங்கள் அந்தப் பிரிவில் நடத்தும்போது பின்பெஞ்சில் உட்கார்ந்து பார்க்க அவர்களுக்கும் ஒரு பாடவேளை கேட்டு வாங்குங்கள்.