பேக்டிராக்கிங்: ‘பின்வாங்கல்’ வேண்டாம், ‘கிளைமீளல்’ சரியா?

அனைவருக்கும் வணக்கம்.

புரோலாக் என்ற தர்க்க நிரல்மொழியில் உரைவழிக் கதையாட்டம் (ஆடுபவர் கட்டளைகளை எழுதிக் கதையை நகர்த்தும் விளையாட்டு) எழுதுவதற்கு ஒரு தமிழ்க் கையேடு எழுதி வருகிறேன். பேக்டிராக்கிங் என்ற சொல்லுக்குத் தமிழ் தேடுவதில் வந்து மாட்டிக்கொண்டேன். இங்கே முன்பு யோசனையாக வந்த ‘பின்வாங்கல்’ எனக்கு ஒட்டவில்லை. பின்வாங்குபவர் முயற்சியையே கைவிடுகிறார். புரோலாக் கைவிடுவதில்லை, ஒரு வழி தோற்றால் கடைசியாக வழி பிரிந்த இடத்துக்கு வந்து, அடுத்த வழியில் உடனே இறங்கிவிடுகிறது.

ஆடுபவர் ‘பெட்டியைத் திற’ என்கிறார். அறையில் இரண்டு பெட்டிகள். முதல் மூன்று வரிகள் நாம் தரும் உண்மைகள், கடைசி வரி ‘பூட்டாத பெட்டி எது?’ என்ற கேள்வி:

பெட்டி(மரப்பெட்டி).
பெட்டி(இரும்புப்பெட்டி).
பூட்டாதது(இரும்புப்பெட்டி).

?- பெட்டி(_எது), பூட்டாதது(_எது).

(மதிப்பு இன்னும் தெரியாத பெயரான மாறி, புரோலாக்கில் ஆங்கிலப் பெரிய எழுத்திலோ அடிக்கோட்டிலோ தொடங்க வேண்டும். தமிழில் பெரிய எழுத்து இல்லாததால் மாறிக்கு முன்னால் அடிக்கோடு போட வேண்டியிருக்கிறது.) முதலில் _எது மரப்பெட்டியாகிறது. அடுத்த நிபந்தனை தோற்கிறது. அந்தப் பிணைப்பு அவிழ்ந்து, இரும்புப்பெட்டி வருகிறது, விடை கிடைக்கிறது. இரண்டு பெட்டிகளில் எது என்று ஆராய நாம் ஒரு வரிகூட எழுதவில்லை. கதையாட்டத்துக்கு இந்த மொழி இவ்வளவு பொருந்துவது இதனால்தான். 2018இல் லைனஸ் ஓகெசன் வெளியிட்ட டயலாக் மொழியும் கதையாட்டத்துக்கென்றே புரோலாக் வழியில் உருவானதுதான்.

‘மீட்பு’, ‘மீட்டெடுப்பு’ என்ற யோசனைகளையும் ஏற்க முடியவில்லை. இரண்டு நிபந்தனைகளுக்கும் நடுவில் ‘மரப்பெட்டியை அசைத்துப் பார்க்கிறீர்கள்’ என்று அச்சிட்டால், வழி மாறிய பிறகும் அந்த வரி திரையில் அப்படியே இருக்கும். நிரல் ஓடும்போதே புதிய உண்மையைச் சேர்க்கும் அசெர்ட் என்ற கட்டளை மூலம் சேர்த்ததும் அழியாது. மாறிகளின் பிணைப்பு மட்டுமே அவிழும். நானே இதில் ஏமாந்து, திறக்காத பெட்டியைத் திறந்ததாகக் கதை சொல்லும் ஆட்டம் ஒன்றை எழுதி, பிழை எங்கே என்று ஒரு மாலை முழுக்கத் தேடியிருக்கிறேன். ‘மீட்பு’ என்று பெயர் வைத்தால் புதிதாகப் படிப்பவர் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்றே நம்புவார். தவிர, ஆடுபவர் தன் கடைசிச் செயலை விலக்கும் கட்டளைக்கு அந்தச் சொல் தேவைப்படும்.

அதனால் ‘கிளைமீளல்’ என்கிறேன். கிளை பிரிந்த இடத்துக்கு மீள்வது, அவ்வளவுதான். வினையாகவும் நன்றாக வளைகிறது: ‘விதி தோற்றால் கிளைமீளும்’, ‘இங்கே கிளைமீளாது’. வழி பிரியும் இடமான சாய்ஸ் பாயிண்ட்டுக்குக் ‘கிளைப்புள்ளி’ தானாக வந்துவிடுகிறது. ஆச்சரியக்குறியாக எழுதும் கட், இனி வேறு வழி பார்க்காதே என்று தடுப்பது, அதற்குக் ‘கிளைவெட்டு’.

‘பின்னோக்கித் தேடல்’ என்று சொன்ன நண்பருக்கு: தேடல் முன்னோக்கித்தான் போகிறது, ஐயா. திரும்பி வருவது அடுத்த கிளையில் இறங்கத்தான். கிளைமீளல், கிளைப்புள்ளி, கிளைவெட்டு என்ற மூன்று சொற்களில் எது இடறினாலும் எழுதுங்கள். கையேட்டின் மூன்றாம் இயலை அதுவரை நிறுத்தி வைத்திருக்கிறேன்.