முதல் நாள் செட்டப்பில் நீங்கள் மாட்டிக்கொண்டது எங்கே?

பெருங்குடியிலிருந்து:

ஃப்ரண்ட்-எண்ட் வேலைக்கு, அதாவது தளத்தில் கண்ணில் படும் பக்கத்தை எழுதும் வேலைக்கு, புதிதாக வருகிறவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதுதான்: "அக்கா, ரெப்போவை க்ளோன் பண்ணிட்டேன், என்பிஎம் இன்ஸ்டால் கொடுத்தேன், சிவப்பா என்னென்னவோ வருது. நான் எங்கே தப்பு பண்ணேன்?" (ரெப்போ என்பது ப்ராஜெக்ட்டின் கோடு மொத்தமும் இருக்கும் இடம், க்ளோன் அதை நம் மெஷினுக்கு நகல் எடுப்பது, என்பிஎம் தேவையான பேக்கேஜ்களை இறக்கித் தரும் கருவி.) பெரும்பாலும் அவர்கள் எங்கேயும் தப்புப் பண்ணியிருப்பதில்லை. ப்ராஜெக்ட்தான் தனக்கு என்ன வேண்டும் என்று எங்கேயும் எழுதி வைத்திருக்காது.

போன வருடம் எங்கள் டீமில் விழுப்புரத்திலிருந்து ஒரு தம்பி சேர்ந்தார். முதல் வேலை, கெட்ட பெயர் வாங்கிவிடக் கூடாது என்ற பயம் முகத்திலேயே தெரியும். அவருக்குக் கொடுத்தது வெப்பேக் 4-இல் (கோடு ஃபைல்களைப் பிரவுசருக்கு ஏற்றபடி ஒன்றுசேர்க்கும் கருவி) ஓடும் ஒரு பழைய ரியாக்ட் தளம். லேப்டாப்பில் இருந்ததோ புத்தம் புது நோட், அதாவது பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை ஓடவைக்கும் மென்பொருள். இன்ஸ்டால் முடிந்தது, ஸ்டார்ட் கொடுத்த உடனே 'டிஜிட்டல் என்வலப் ரொட்டீன்ஸ் அன்சப்போர்ட்டட்' என்று நின்றுவிட்டது. யாரையும் கேட்கத் தயங்கி, நோடை அழித்து அழித்துப் போட்டிருக்கிறார். நான் போய்ப் பார்த்தபோது விண்டோஸையே ஃபார்மட் பண்ணலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

நடந்தது இதுதான். 2021 அக்டோபரில் வந்த நோட் 17, குறியாக்க வேலைகளைச் செய்யும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மென்பொருளின் 3-ஆம் பதிப்புக்கு மாறியது. எம்டி4 என்ற பழைய ஹேஷ் முறையை (ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து ஒரு குறியெண் உருவாக்கும் முறை) ஓப்பன்எஸ்எஸ்எல் 3 தானாக அனுமதிப்பதில்லை. வெப்பேக் 4 தன் ஃபைல்களுக்கு அடையாளம் போட நம்பியிருந்தது அதே எம்டி4-ஐ. அவ்வளவுதான். லேப்டாப்பிலும் குறை இல்லை, அந்தத் தம்பியிடமும் குறை இல்லை.

இந்தப் பிழையைத் தேடினால் முதலில் கிடைப்பது, பழைய முறைகளை மறுபடி அனுமதிக்கும்படி ஓப்பன்எஸ்எஸ்எல் லெகசி ப்ரொவைடரைத் திறந்துவிடும் ஒரு வரி. போட்டால் உடனே ஓடும். ஆனாலும் நான் அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். அந்த வரி ஒவ்வொருவர் மெஷினிலும் தனித்தனியாக உட்கார்ந்துகொள்ளும், ஏன் போட்டோம் என்பது ஆறு மாதத்தில் யாருக்கும் ஞாபகம் இருக்காது. நாங்கள் அப்போதைக்கு நோட் 16-க்கு இறங்கினோம். அதற்கான ஆதரவு 2023 செப்டம்பரிலேயே முடிந்துவிட்டதால் அங்கேயே தங்கவும் முடியாது. அப்புறம் வெப்பேக் 5-க்கு ஏறினோம். அதன் பிந்தைய பதிப்புகள் எம்டி4-ஐத் தாங்களே கையோடு வைத்திருப்பதால் ஓப்பன்எஸ்எஸ்எல்லை எதிர்பார்ப்பதில்லை.

ப்ராஜெக்ட்டுக்கு ஒரு நோட் பதிப்பு என்று பிரித்துவைக்க எஃப்என்எம் நல்ல கருவி. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். பதிப்பு எண்ணை என்விஎம்ஆர்சி ஃபைலில் எழுதி ரெப்போவிலேயே வைத்தால் அதைப் படித்துக்கொள்ளும். பேக்கேஜ் ஜேசானில் (ப்ராஜெக்ட்டுக்குத் தேவையானவற்றைப் பட்டியலிடும் ஃபைல்) எந்த நோட் பதிப்பு வேண்டும் என்று 'என்ஜின்ஸ்' பகுதியில் எழுதினால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். போதாது. என்பிஎம் ஓர் எச்சரிக்கையைக் காட்டிவிட்டு வேலையைத் தொடர்ந்துவிடும். என்பிஎம்மின் அமைப்பு ஃபைலான என்பிஎம்ஆர்சியில் 'என்ஜின் ஸ்ட்ரிக்ட்' போட்டால்தான் நிற்கும். அதேபோல் முதல் தடவை 'இன்ஸ்டால்' வேண்டாம், 'என்பிஎம் சிஐ' கொடுங்கள். லாக் ஃபைலில் (எந்தப் பேக்கேஜுக்கு எந்தப் பதிப்பு என்று பூட்டி வைத்திருக்கும் பட்டியல்) உள்ள அதே பதிப்புகள் வரும். லாக் ஃபைலும் பேக்கேஜ் ஜேசானும் ஒத்துப்போகாவிட்டால் அங்கேயே நிறுத்திச் சொல்லிவிடும்.

நோட்-சாஸ் (சாஸ் மொழியில் எழுதியதைச் சிஎஸ்எஸ் ஆக்கும் பேக்கேஜ்) இருக்கும் பழைய ப்ராஜெக்ட் வந்தால், பைத்தான் இல்லை, சி++ கம்பைலர் இல்லை என்று திட்டும். சிஎஸ்எஸ் எழுத வந்தவரைப் பைத்தான் இன்ஸ்டால் பண்ணவைப்பது கொடுமை. நோட்-சாஸை எடுத்துவிட்டு 'சாஸ்' பேக்கேஜைப் போடுங்கள், பெரும்பாலான இடங்களில் அப்படியே வேலை செய்யும்.

கடைசியில் அந்தத் தம்பியையே ரீட்மீ, அதாவது ப்ராஜெக்ட்டை ஓடவைக்கும் வழிக்குறிப்பு, எழுதச் சொன்னேன். சீனியர்கள் கேள்விக்குப் பதில் மட்டும் சொல்ல வேண்டும், கீபோர்டைத் தொடக் கூடாது என்பது ஏற்பாடு. எங்களுக்குப் பழகிப்போய்க் கண்ணில் படாத படிகளெல்லாம் அதில் வந்தன: விபிஎன் (ஆபீஸ் நெட்வொர்க்குக்கான பாதுகாப்பான இணைப்பு) போடாமல் ஏபிஐ (சர்வரிலிருந்து தரவு வரும் வழி) வராது, என்வ் ஃபைலின் (அமைப்பு மதிப்புகள் இருக்கும் ஃபைல்) மாதிரி எங்கே இருக்கிறது, வீட் என்ற பில்ட் கருவியில் ஓடும் எங்கள் மற்ற தளங்களில் அந்த ஃபைலில் 'வீட்' என்ற முன்னொட்டு இல்லாத மாறி பிரவுசருக்குப் போகாது. அடுத்து அம்பத்தூரிலிருந்து சேர்ந்த பெண் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே தளத்தை ஓடவைத்துவிட்டார்.

நங்கநல்லூரிலிருந்து:

அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. என் கதை டபிள்யூஎஸ்எல் 2-இல், அதாவது விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓடவைக்கும் வசதியில். கோடை மாற்றி சேவ் பண்ணினால் பிரவுசர் அசையவே அசையாது, ஒவ்வொரு தடவையும் சர்வரை நிறுத்தி ஓடவைக்க வேண்டும். இன்ஸ்டாலும் ஆமை வேகம். ரேம்தான் காரணம் என்று ஆபீஸில் எல்லோரும் சொல்ல, ரிச்சி தெருவுக்குப் போய் 8 ஜிபி வாங்கிப் போடக் கிளம்பிவிட்டேன்.

அதற்குள் ஒரு அண்ணன் கேட்டார்: "ப்ராஜெக்ட் எந்த ஃபோல்டர்ல இருக்கு?" விண்டோஸின் சி டிரைவில் இருந்தது. லினக்ஸ் பக்கத்திலிருந்து அதைத் தொடும்போது ஒவ்வொரு ஃபைலும் இரண்டு சிஸ்டத்துக்கும் நடுவே போய்வர வேண்டும். விண்டோஸ் பக்கம் ஒரு ஃபைல் மாறினால் அந்தச் செய்தி லினக்ஸுக்கு வந்து சேர்வதும் இல்லை. அதனால்தான் வீட்-க்கு எதுவும் தெரியவில்லை. ப்ராஜெக்ட்டை லினக்ஸின் ஹோம் ஃபோல்டரில் க்ளோன் பண்ணி, விஎஸ் கோடை அங்கிருந்தே திறந்தேன். இரண்டு தொல்லையும் ஒன்றாகப் போயின. நகர்த்தவே முடியாத நிலையில் இருப்பவர்கள், ஃபைல் மாறியதா என்று வீட் தானே திரும்பத் திரும்பப் பார்க்கும்படி 'யூஸ் போலிங்' போடலாம், ஆனால் சிபியுவைத் தின்னும். ரேமுக்கும் ஒரு வழி இருக்கிறது: டபிள்யூஎஸ்எல் மொத்த நினைவகத்தில் பாதிவரை எடுத்துக்கொள்ளும், டபிள்யூஎஸ்எல்கான்ஃபிக் ஃபைலில் அதற்கு வரம்பு வைக்கலாம். காசு கொடுப்பதற்கு முன் அதைப் பாருங்கள்.

வேளச்சேரியிலிருந்து:

நான் பிஜியில் தங்கி வேலை தேடிக்கொண்டிருக்கிறேன். லேப்டாப்பில் ஓடும் தளத்தை ஃபோனில் பார்க்க ஆசைப்பட்டு லோக்கல்ஹோஸ்ட் 5173 என்று ஃபோனில் அடித்தேன், வரவில்லை. ஃபோனில் லோக்கல்ஹோஸ்ட் என்றால் அந்த ஃபோன்தானே! மற்ற கருவிகளுக்கும் தளம் தெரியும்படி வீட்-ஐ ஹோஸ்ட் ஆப்ஷனோடு ஓடவிட்டு, அது காட்டிய 192.168 என்று தொடங்கும் முகவரியைப் போட்டேன். அப்போதும் வரவில்லை. பிஜி வைஃபையில் ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்க முடியாதபடி பூட்டியிருக்கிறார்கள். ஃபோனில் ஹாட்ஸ்பாட் போட்டு லேப்டாப்பை அதில் இணைத்ததும் தளம் வந்துவிட்டது.

ஆனால் இருப்பிடம் கேட்கும் பட்டன் மட்டும் வேலை செய்யவில்லை. லோக்கல்ஹோஸ்ட்டைப் பிரவுசர் பாதுகாப்பான இடமாக ஏற்றுக்கொள்கிறது, வெறும் எச்டிடிபி ஐபி முகவரியை ஏற்பதில்லை. ஆண்ட்ராய்டு வைத்திருப்பவர்கள் யுஎஸ்பி கேபிள் போட்டு, லேப்டாப் க்ரோமின் இன்ஸ்பெக்ட் பக்கத்தில் போர்ட் ஃபார்வர்டிங் கொடுங்கள். ஃபோனில் அடிக்கும் லோக்கல்ஹோஸ்ட் 5173 நேராக லேப்டாப்புக்கு வரும், இருப்பிடமும் கேமராவும் வேலை செய்யும். வைஃபையே வேண்டாம்.

இப்போது எனக்கு ஒரு சந்தேகம் அக்கா. என் விண்டோஸில் பில்ட் ஆகிறது, சர்வரில் மட்டும் 'ஹெடர்' என்ற பெயருள்ள ஃபைல் கிடைக்கவில்லை என்கிறது. ஃபைல் ரெப்போவில் கண்ணெதிரே இருக்கிறது.

பெருங்குடியிலிருந்து:

போர்ட் ஃபார்வர்டிங் வழியை எழுதியதற்கு நன்றி தம்பி, எங்கள் ரீட்மீயில் சேர்க்கிறேன்.

உங்கள் சந்தேகத்துக்கு: ஃபைல் பெயரில் ஆங்கில முதல் எழுத்து பெரியதா சிறியதா, இம்போர்ட் வரியில் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். விண்டோஸ் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும், லினக்ஸ் சர்வர் எடுத்துக்கொள்ளாது. பெயரைச் சாதாரணமாக மாற்றினால் விண்டோஸில் கிட் (கோடில் வரும் மாற்றங்களைப் பதிவு செய்யும் கருவி) அதைக் கவனிக்காமல் விட்டுவிடலாம். 'கிட் எம்வி' கொடுத்து முதலில் வேறொரு பெயருக்கு மாற்றுங்கள், அங்கிருந்து சரியான பெயருக்கு இன்னொரு தடவை மாற்றி கமிட் பண்ணுங்கள். அதற்குப் பிறகும் வந்தால் பில்ட் ஓடும்போது எழுதப்படும் பதிவில் பிழை தொடங்கும் முதல் வரியை இங்கே போடுங்கள். கடைசி வரி வேண்டாம், அதில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது.