16 வயசுல அட்லாண்டிக்: அது என் பயணமா, அப்பா கனவா?

இரவுக்காவல்:
வேற ஒரு இழைல "பிள்ளைங்கள ஏத்திக்கிட்டு பாய்மரப் படகுல கடல் தாண்டுற பெத்தவங்க மேல கேஸ் போடணும்"னு ஒருத்தர் எழுத, நிறைய பேர் ஆமாம் போட்டிருந்தீங்க. அந்தப் பிள்ளைங்கள்ல நான் ஒருத்தி, அதனால பேசுறேன். அப்போ எனக்கு 16, தம்பிக்கு 11, கூட அப்பா அம்மா, 39 அடி படகு, மொத்தம் 13 மாசம். அதுல பெரிய துண்டு கேனரி தீவுகள்ல லாஸ் பால்மாஸ்ல இருந்து கரீபியன்ல செயின்ட் லூசியா வரைக்கும், கிட்டத்தட்ட 2700 கடல் மைல், எங்களுக்கு 23 நாள் ஆச்சு. புயல் சீசன் நவம்பரோட முடியும், டிசம்பர்ல வடகிழக்குக் காத்து பின்னாடி இருந்து தள்ளிக்கிட்டே போகும், அதான் எல்லாரும் அந்த நேரத்துல கிளம்புறாங்க.

முதல் மூணு நாள் வாந்தி, அத விடுங்க. நான் கரைல எப்படிப்பட்டவன்னா யாருக்காவது ஃபோன் பண்ணணும்னா கூட அம்மாவ பேசச் சொல்றவ. கடல்ல அம்மா தூங்குவாங்களே, என்ன பண்றது. ஆளுக்கு மூணு மணி நேரம் வாட்ச், அதாவது மத்தவங்க தூங்கும்போது முழிச்சிருந்து காவல் பாக்குறது, என்னோடது ராத்திரி 2ல இருந்து 5. ஒன்பதாவது ராத்திரி எதிர்ல ஒரு வெள்ளை வெளிச்சம், கொஞ்ச நேரத்துல பச்சையும் சிவப்பும் சேர்ந்து தெரிய ஆரம்பிச்சுது. கப்பலுக்கு வலது பக்கம் பச்சை விளக்கு, இடது பக்கம் சிவப்பு, ரெண்டும் சேர்ந்து தெரிஞ்சா கப்பல் நேரா நம்ம மேல வருதுன்னு அர்த்தம். பக்கத்துல வர்ற கப்பல்களக் காட்டுற ஏஐஎஸ் திரைல, அது நம்மகிட்ட வர இன்னும் 17 நிமிஷம்னு காட்டுது. கேபின் கூரையத் தட்டி அப்பாவ எழுப்பிட்டு, அவர் ஏறி வர்றதுக்குள்ள விஎச்எஃப் ரேடியோல 16வது சேனல்ல கப்பல் பேரச் சொல்லிக் கூப்பிட்டேன். தொண்டை அடைச்சுக்கிச்சு, ரெண்டாவது தடவைதான் சத்தம் வந்துச்சு. அந்தப் பக்கம் ஒருத்தர் ரொம்ப நிதானமா "பாத்துட்டேன், வலது பக்கம் திருப்புறேன்"னார். அப்பா படிக்கட்டுல நின்னுக்கிட்டு "என்ன பண்ணப் போற?"ன்னு மட்டும்தான் கேட்டார், சுக்கான தொடல. கப்பல் திரும்பி, பச்சை மறைஞ்சு சிவப்பு மட்டும் நின்னதும் போய்ப் படுத்துட்டார். படுத்துட்டார்ங்க! எனக்கு அஞ்சு மணி வரைக்கும் கை நடுங்கிச்சு. ஆனா அதுக்கப்புறம் இன்னிக்கு வரைக்கும் ஃபோன் பேச பயம் வந்ததில்ல. இத எந்தக் கேஸ்ல சேப்பீங்க?

கறார்கண்ணம்மா:
நல்லா எழுதுற பாப்பா, அதுல குறையில்ல. ஆனா நல்லபடியா திரும்பி வந்தவங்கதான் கதை சொல்ல முடியும். அந்த இழைல கேஸ் போடணும்னு எழுதினது நான்தான், அதுக்காக வருத்தமும் படல. சூசன் ஹேவுட்னு ஒருத்தர், அவங்களுக்கு 7 வயசுல, 1976ல, கேப்டன் குக் போன வழியிலயே போறேன்னு அவங்கப்பா குடும்பத்தோட பாய்மரக் கப்பல்ல கிளம்புறார். 3 வருஷம்னு சொன்ன பயணம் கிட்டத்தட்ட 10 வருஷம் இழுத்துச்சு. இந்தியப் பெருங்கடல்ல பெரிய அலை அடிச்சு அந்தப் பொண்ணுக்கு மண்டை ஓடு விரிசல், இல் ஆம்ஸ்டர்டாம்ங்கிற குட்டித் தீவுல மயக்க மருந்து இல்லாம தலைல பல தடவ ஆபரேஷன். அவங்க கேட்டதெல்லாம் ஸ்கூலுக்குப் போகணும், ஃப்ரெண்ட்ஸ் வேணும், அவ்ளோதான். வளந்து ஆளானப்புறம் அவங்களே எழுதினது இதெல்லாம், நான் ஜோடிக்கல. அப்பாக்குக் கனவு, பிள்ளைக்கு ஜெயில். நீ பயம் போயிருச்சுங்கற, நடுக்கடல்ல இறங்கிப் போக வழியில்லாத இடத்துல வேற என்ன பண்ணுவ?

உப்புக்காத்து:
அக்கா ஒரு மோசமான அப்பாவ வச்சு எல்லா அப்பாவையும் எடை போட்டா எப்படி. கரைல மட்டும் பிள்ளைங்க பத்திரமாவா இருக்கு, நாள் முழுக்க ரூம்ல திரையப் பாத்துக்கிட்டு இருக்கறது உங்களுக்கு ஓகேவா? லாரா டெக்கரப் பாருங்க, நெதர்லாந்துப் பொண்ணு, 2009ல தனியா உலகம் சுத்தப் போறேன்னதும் கோர்ட் தடுத்து கண்காணிப்புல வச்சுது, அடுத்த வருஷம் கோர்ட்டே முடிவ பெத்தவங்க கைல விட்டுச்சு, 14 வயசுல கிளம்பி 2012 ஜனவரில 16 வயசுல முடிச்சிருச்சு. தனியா! இங்க இந்தப் பொண்ணு அப்பா அம்மாவோட போயிருக்கு அதுக்கே இவ்ளோ சத்தம்.

கறார்கண்ணம்மா:
நீங்க எடுத்த உதாரணம் எனக்குத்தான் சாதகம் தம்பி. லாரா தானே ஆசைப்பட்டுக் கேட்டா, கோர்ட்டோட சண்டை போட்டா, பெரிய படகு மாத்தினா, முதலுதவி படிச்சா. ஆசை பிள்ளையோடது, தடுத்தது பெரியவங்க. இந்தக் கதைல ஆசை அப்பாவோடது, பிள்ளைங்க சாமானோட சாமானா ஏறினாங்க. ரெண்டும் ஒண்ணா?

பழைய_மேட்:
22 வருஷம் சரக்குக் கப்பல்ல இருந்தவன், செகண்ட் மேட்டுங்கற அதிகாரியா நிறைய ராத்திரி வாட்ச் பாத்திருக்கேன். தங்கச்சி பேசின அந்த ஆள் மாதிரி இடத்துல நானும் நின்னிருக்கேன். ஒரு விஷயம் சொல்லணும், ஃபைபர் படகு எங்க ரேடார்ல அலையோட அலையா கரைஞ்சு போயிரும். பாய்ல போற படகுக்கு நாங்கதான் விலகணும்னு விதி இருக்கு, ஆனா பாத்தாத்தானே விலகுறது. ஜெசிக்கா வாட்சன், தனியா உலகம் சுத்தக் கிளம்பின 16 வயசு ஆஸ்திரேலியாப் பொண்ணு, 2009 செப்டம்பர்ல வெள்ளோட்டத்துலயே 63,000 டன் கப்பல்ல மோதி பாய்மரம் முறிஞ்சுது, அப்போ அந்தப் பொண்ணு குட்டித் தூக்கத்துல இருந்துச்சு. அப்புறம் படகச் சரி பண்ணிக்கிட்டு போய் 210 நாள்ல உலகம் சுத்தி வந்துச்சுங்கறது வேற விஷயம். அதனால 16 வயசுப் பிள்ளைய ராத்திரி தனியா வாட்ச்ல வச்சது சரியான்னு கேட்டா, முழிச்சிருந்து, எழுப்ப வேண்டிய ஆள எழுப்பி, ரேடியோவும் எடுத்தது சரி. பெரிய ஆளுங்களே எழுப்பக் கூச்சப்பட்டு மாட்டிக்கிறத நான் பாத்திருக்கேன்.

இல் ஆம்ஸ்டர்டாம்னதும் ஞாபகம் வருது, 2018ல நம்ம கடற்படை அதிகாரி அபிலாஷ் டாமி, தனியா உலகம் சுத்துற படகுப் பந்தயத்துல முதுகு உடைஞ்சு படகுல கிடந்தப்ப மீட்டவங்க கொண்டுபோய்ச் சேத்ததும் அதே தீவுதான். அந்தப் பக்கம் வேற நாதியில்ல.

இரவுக்காவல்:
நன்றி சார். எங்க படகுலயும் விதி உண்டு: வாட்ச்ல தனியா இருந்தா காக்பிட்ட, அதாவது சுக்கான் இருக்கற இடத்த விட்டு வெளிய போகக்கூடாது, நம்மளப் படகோட கட்டி வைக்கிற ஹார்னெஸ் க்ளிப்ப கழட்டவே கூடாது. 6 நாட் வேகத்துல, அதாவது மணிக்கு 11 கிலோமீட்டர் மாதிரி போகுற படகுல இருந்து ஒருத்தர் விழுந்தா ஒரு நிமிஷத்துல 185 மீட்டர் பின்னாடி போயிருவாங்க, இருட்டுல ஒரு தலை எப்படித் தெரியும். அம்மா இத எங்களுக்கு ஒரு தேங்காய தூக்கிப் போட்டுக் காட்டினாங்க. பகல்லயே அஞ்சு நிமிஷத்துல காணோம்.

அக்கா, சாமானோட சாமானாங்கறது கோபம் வந்துச்சு. லாஸ் பால்மாஸ்ல அப்பா எங்க மூணு பேரையும் உக்கார வச்சு "ஒருத்தர் வேண்டாம்னாலும் இங்கயே நிறுத்திக்கலாம், காரணம் கூட கேக்க மாட்டேன்"னார். ஒவ்வொருத்தரா கேட்டார். நான் முதல்ல சரின்னேன், அப்புறம் அம்மா, அப்புறம் தம்பி.

கறார்கண்ணம்மா:
11 வயசுப் பையன், அப்பா மூஞ்சிய நேருக்கு நேரா பாத்து, அக்காவும் அம்மாவும் சரின்னு சொன்னப்புறம் வேண்டாம்னு சொல்வானா? உன் கதைல தம்பி வாயே திறக்கல பாரு. 2014ல ஒரு அமெரிக்கக் குடும்பம் ஒரு வயசுக் கைக்குழந்தையோட பசிபிக்ல போய், குழந்தைக்கு உடம்பு சரியில்லாம, மெக்சிகோக்கு 900 மைல் தள்ளி பாராசூட்ல ஆள் குதிச்சு, போர்க்கப்பல் வந்து காப்பாத்துச்சு. அந்தக் குழந்தைகிட்டயும் கேட்டிருப்பாங்களோ என்னவோ.

உப்புக்காத்து:
இது குத்தம் கண்டுபிடிக்கிறதுக்குன்னே பேசுறது அக்கா. அந்தக் குழந்தையும் பிழைச்சிருச்சுல்ல.

இரவுக்காவல்:
ரெண்டு நாளா இங்க வரல. தம்பிக்கு இப்போ 15, ஹாஸ்டல்ல இருக்கான், அவனுக்கு இந்த இழைய அனுப்பி நீயே சொல்லுன்னேன். அவன் அனுப்பினத அவன்கிட்ட கேட்டுட்டு அப்படியே போடுறேன்:

"வேண்டாம்னு சொல்லணும்னுதான் உக்காந்திருந்தேன். அப்பாவுக்காக இல்ல, நீ முதல்ல தலையாட்டிட்ட, அப்புறம் நான் சொன்னா உன் பயணம் என்னால நின்னுதுன்னு வாழ்நாள் பூரா சொல்லிக் காட்டுவ. நீ மேல நட்சத்திரம் பாத்துக்கிட்டு வாட்ச்ல இருந்த, நான் கீழ பங்க் படுக்கைல உருண்டுக்கிட்டு இருந்தேன். எனக்கு யாரும் வாட்ச் குடுக்கல, சின்னப் பையன்னு. 23 நாள் நான் சும்மா இருந்தேன். ராத்திரி விளக்குப் போடாம டாய்லெட் பம்ப் அடிச்சா கடல் தண்ணி பச்சையா மினுங்குமே, அது ஒண்ணுதான் எனக்குப் பிடிச்சுது, அதுக்காகவே தேவையில்லாம எழுந்து போவேன்."

நாலு வருஷமா அவனும் என்ன மாதிரியே சந்தோஷமா இருந்தான்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு திரிஞ்சிருக்கேன். அக்கா, நீங்க அப்பா மூஞ்சின்னீங்க. அவன் பாத்தது என் மூஞ்சி.

பழைய_மேட்:
அந்த வயசுல எந்த வேலையும் இல்லாம கப்பல்ல கிடக்கறது பெரிய தண்டனைம்மா. பயிற்சில கேடட்டா இருந்தப்ப காய்ச்சல்னு ஒரு வாரம் கேபின்ல போட்டாங்க, எனக்கு கடலே வெறுத்துப் போச்சு. பகல் வாட்ச் ஒரு மணி நேரம் அவனுக்குக் குடுத்திருக்கலாம், கூட அம்மா இருந்திருப்பாங்க.

கறார்கண்ணம்மா:
ஜெயிச்சுட்டேன்னு நினைக்கல பாப்பா. அவன்கிட்ட இன்னும் பேசு, இங்க எழுத வேண்டாம்.

இரவுக்காவல்:
சரிக்கா. இத மட்டும் எழுதிட்டுப் போறேன். அப்பா அடுத்த மாசம் படக விக்கிறார், பாயக் கழட்டி மடிக்க எங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டார். தம்பிக்கு ஃபோன் பண்ணி, நான் போறேனா இல்லையான்னு வாயே திறக்காம "நீ என்ன பண்ணப் போற?"ன்னு மட்டும் கேட்டேன். யோசிச்சுச் சொல்றேன்னு வச்சுட்டான்.