இலங்கைக்கு விடுதலை கிடைத்தது 1948இலா, 1972இலா?

வேலணையான்:
பெப்ரவரி 4 வந்தால் எல்லோரும் 1948 பற்றித்தான் பேசுகிறார்கள். அன்று கைக்கு வந்தது பாதி ஆட்சிதான் என்பது என் கருத்து. டி. எஸ். சேனநாயக்க பிரதமரானார், சரி. ஆனால் நாட்டின் தலைவர் லண்டனில் இருந்த மன்னர். அவர் சார்பில் இங்கே முதலில் மகா தேசாதிபதிகளாக இருந்த ஹென்றி மூர், சோல்பரி பிரபு இருவருமே பிரித்தானியர். திருகோணமலையில் அவர்களுடைய கடற்படை, கட்டுநாயக்கவில் விமானப்படை, இரண்டும் 1957 வரை இருந்தன. கடைசி மேன்முறையீடும் லண்டன் பிரிவி கவுன்சிலுக்குத்தான் போனது. இப்படியெல்லாம் இருந்ததால்தான் ஐ.நா.வில் சேரக் கேட்டபோது சோவியத் யூனியன் தடுத்தது, 1955 டிசம்பர் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. சொந்தமாக அரசியல் யாப்பு எழுதிக் குடியரசான 1972 மே 22தான் உண்மையான நாள்.

கொழும்புவாசி:
அந்தத் தளங்களைத் திரும்ப எடுத்தது யார்? 1948இல் இருந்த அதே சோல்பரி யாப்பின் கீழ் பிரதமரான பண்டாரநாயக்க. போர் இல்லை, புரட்சி இல்லை, பேசியே எடுத்தார். அதிகாரம் கையில் இல்லாதவரால் முடிகிற காரியமா அது?

1972 யாப்பை எழுதிய அவையிலிருந்து 1971 ஜூனிலேயே தமிழரசுக் கட்சி வெளியேறிவிட்டது, மொழி பற்றி அவர்கள் கேட்டது எதுவும் ஏறவில்லை. கோடீஸ்வரன் வழக்கை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அவர் ஒரு அரசாங்க லிகிதர். சிங்களப் பரீட்சைக்குப் போகவில்லை என்று 1962இல் சம்பள ஏற்றத்தை நிறுத்தினார்கள். சிங்களத்தை மட்டும் அரச மொழியாக்கிய தனிச் சிங்களச் சட்டமே, சோல்பரி யாப்பில் சிறுபான்மையினரைக் காக்கும் 29ஆம் பிரிவுக்கு முரண் என்று வழக்குப் போட்டு, 1964இல் மாவட்ட நீதிமன்றத்தில் வென்றார். அரச ஊழியர் சம்பளத்துக்காக முடியின் மீது, அதாவது அரசின் மீது, வழக்குப் போட முடியாது என்று உயர் நீதிமன்றம் அதைத் தள்ளியது. 1969இல் பிரிவி கவுன்சில், வழக்குப் போடலாம், இனி 29ஆம் பிரிவு பற்றித் தீர்ப்புச் சொல்லுங்கள் என்று திருப்பி அனுப்பியது. அந்தத் தீர்ப்பு வரவே இல்லை. 1971இல் லண்டன் மேன்முறையீட்டை நிறுத்தினார்கள், 1972இல் 29ஆம் பிரிவையே எடுத்துவிட்டார்கள். இதையா விடுதலை என்கிறீர்கள்?

மலைநாட்டான்:
இரண்டு பேரிடமும் எனக்குக் கேள்வி இருக்கிறது.

வேலணையான், 1948இல் பாதி ஆட்சிதான் வந்தது என்கிறீர்கள். 1947 தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் 7 இடங்களில் வென்றது, தோட்டத் தொழிலாளர் போட்ட ஓட்டு அது. சுதந்திரம் வந்த அதே ஆண்டில் அதே பாராளுமன்றம் பிரஜாவுரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்தது, இங்கே பிறந்திருந்தால் மட்டும் போதாது, தகப்பனும் இங்கே பிறந்ததைக் காட்டு, இல்லாவிட்டால் பாட்டனும் பூட்டனும் பிறந்ததைக் காட்டு என்றது, தோட்டத்து லயன் அறையில் வாழ்ந்தவர்கள் அந்தக் காகிதத்துக்கு எங்கே போவார்கள்? அடுத்த ஆண்டு வாக்கும் போனது. லட்சக்கணக்கானவர்களை நாடற்றவர்களாக்க லண்டனைக் கேட்க வேண்டியிருக்கவில்லை. முழு அதிகாரமும் இருந்தது, அதை முதலில் எங்கள் மேல்தான் காட்டினார்கள்.

கொழும்புவாசி, உங்கள் 29ஆம் பிரிவும் பிரிவி கவுன்சிலும் எங்களைக் காக்கவில்லை. கொடக்கன் பிள்ளை வழக்கில் இந்தச் சட்டங்கள் யாப்புக்கு முரண் இல்லை என்று 1953இல் சொன்னதே அந்தப் பிரிவி கவுன்சில்தான்.

கொழும்புவாசி:
1953 தீர்ப்பு அநியாயம், அதில் வாதமே இல்லை. ஆனால் ஒருமுறை கைவிட்டது என்பதற்காகக் கதவையே அடைத்துவிடலாமா? 1962 சதிப்புரட்சி வழக்கில் குற்றவாளிகளாக்கவென்றே பின்தேதியிட்டுச் சட்டம் செய்தார்கள், 1965இல் அதைச் செல்லாது என்றது அதே பிரிவி கவுன்சில்.

வேலணையான்:
தெரிவான அரசைக் கவிழ்க்கப் பார்த்தவர்களை லண்டன் விடுவிக்கிறது, அதை நல்ல உதாரணம் என்று எப்படிக் காட்டுகிறீர்கள்? பின்தேதிச் சட்டம் பிழைதான். பிழை என்று சொல்ல வேண்டியது இங்கே இருக்கும் நீதிமன்றம். இந்தியா 1949இலேயே பிரிவி கவுன்சிலை விட்டுவிட்டு, தன் அவையில் உட்கார்ந்து அடிப்படை உரிமைகளோடு யாப்பு எழுதி 1950இல் குடியரசானது. நமக்கு ஒரு ஆணைக்குழு வந்து பார்த்துவிட்டுப் போய், லண்டனில் ஆணையாக யாப்பு வந்தது. 1948இலேயே எல்லோரையும் உட்காரவைத்து எழுதியிருந்தால் பிரஜாவுரிமைச் சட்டம் இவ்வளவு சுலபமாக நிறைவேறியிருக்காது.

மலைநாட்டான்:
எல்லோரையும் உட்காரவைத்திருந்தால்தானே. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்கள் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்தார்கள், இரண்டுமே சுதந்திர நாடுகள். எங்கள் மக்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மீதி 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பங்கிட்டார்கள், அது நீங்கள் சொல்லும் குடியரசு வந்த பிறகு. இந்தியாவையே பார்த்திராத பிள்ளைகள் ஹட்டனில் கோச்சி ஏறி, தலைமன்னாரில் இறங்கி, ராமேஸ்வரத்துக்குக் கப்பல் ஏறினார்கள். போகாமல் நாடற்றவர்களாகவே மிஞ்சியவர்களுக்குக் குடியுரிமை கொடுத்த சட்டம் வந்தது 2003இல். உங்கள் இரண்டு தேதிகளோடு அதையும் சேர்த்து வைத்துப் பேசுவோம்.